மூஞ்சி பார்க்கிற கம்பெனி

எங்கள் கம்பெனிக்குப் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கத்தான் வருகிறார்கள். தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், என் அண்ணன் பட்டனும் லேஸும் ஜரிகையும் விற்கிறான். அந்தக் கடைக்கு மேலே அட்டைப்பெட்டி போட்டு வைத்திருந்த அறைதான் எங்கள் ஆபீஸ். இரண்டு மேஜை, நாலைந்து நாற்காலி, இருமுகிற ஓர் ஏசி, சுவரில் யாரும் கேள்விப்படாத படங்களின் போஸ்டர்கள். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "இங்கதானே ஃபால்ஸ், பீக்கோ?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, சினிமா கம்பெனி" என்று சொன்னால் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார்கள். தலையில் துப்பட்டாவும் காலில் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு இவள் என்ன சினிமா என்கிற பார்வை அது. ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். இப்போது எதிர்க் கடையைக் கை காட்டி அனுப்பிவிடுகிறேன்.

கம்பெனியில் நாங்கள் இரண்டே பேர். என் பார்ட்னர் மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்யாணமாகி, அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடிபோனவள். அவளுக்கு உலகம் கோயில் குளத்தைச் சுற்றி முடிந்துவிடும். எங்கள் வீடு ராயப்பேட்டைப் பக்கம். வீட்டுக்குள் உருது, வாசலைத் தாண்டினால் தமிழ். கோபம் வந்தால் எது முதலில் வாய்க்கு வருகிறதோ அது. எனக்குக் கோபம் நிறையவே வரும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இருவரும் ஒரு டிவி சேனலில் ஒன்றாக வேலை பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடுவதற்குப் படம் வாங்குகிற பிரிவு. பெரிய நடிகர் இருந்தால் வாங்குவார்கள். இல்லாத படத்தை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள், அப்படியே ஓரத்தில் கிடக்கும். சாப்பாட்டு வேளையில் நாங்கள் இரண்டு பேரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஓரத்துப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தோம். சிலது மகா மோசம். சிலதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட மறந்துபோயிருக்கிறோம். அப்படி ஒருநாள், கையில் தயிர் சாதம் காய்ந்துகொண்டிருக்கும்போது அவள் சொன்னாள், "ஏண்டி, இதை நம்ம ரெண்டு பேர் மட்டும் பாத்துண்டு உக்காந்திருந்தா எப்படி? நாமளே ரிலீஸ் பண்ணலாமா?"

பண்ணலாம் என்று நான் சொன்னதுதான் எங்கள் கம்பெனியின் தொடக்க விழா. என் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "பட்டன் வித்தா பட்டன் போகும். படம் வித்தா மானம் போகும்" என்றான். ஆனாலும் மாடி அறையைக் காலி செய்து கொடுத்தான். அவன் சுபாவம் அப்படி, வாய் ஒன்று பேசும், கை ஒன்று செய்யும்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், படம் எடுப்பவர் ஒருவர், தியேட்டர் வைத்திருப்பவர் ஒருவர், இரண்டு பேருக்கும் நடுவில் அலைகிறவர்கள் நாங்கள். தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் எடுப்பார்கள். நாங்கள் எடுப்பது சிட்டி மட்டும். அதுவும் பெரிய கம்பெனிகளின் கதவையெல்லாம் தட்டி, ஓய்ந்து, செருப்புத் தேய்ந்து வருகிற படங்கள்தான் எங்கள் படிக்கட்டைப் பிடிக்கும். தியேட்டர் மேனேஜர்களைக் கெஞ்சி, கொஞ்சி, நடுவில் நான் கொஞ்சம் கத்தி, காலைக் காட்சியோ மத்தியானக் காட்சியோ ஒன்று வாங்கிவிடுவோம். சாயங்காலக் காட்சியை யார் எங்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள்?

எங்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. முதல் படத்தின் முதல் காட்சியில் வந்தது. பயத்தில் எங்களுக்கு உள்ளே போய் உட்கார முடியவில்லை. திரைக்குப் பக்கத்தில், வெளியே போகிற கதவோரம் ஒரு இருட்டு மூலை இருக்கும். அங்கே போய் நின்றோம். அங்கிருந்து படம் தெரியாது. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் ஜனங்களின் முகம்தான் தெரியும். படத்தின் வெளிச்சம் எல்லா முகத்திலும் விழுந்து விழுந்து எழுந்தது. எங்கே சிரிக்கிறார்கள், எங்கே பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்கிறார்கள், எங்கே போனை எடுக்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்தது. போனை எடுத்தவன் முகத்தில் வெளிச்சம் கீழேயிருந்து அடிக்கும், நீலமாக. படத்தைப் பார்க்கிறவன் முகத்தில் நேராக அடிக்கும். இரண்டையும் குழப்பவே முடியாது. அன்றிலிருந்து எந்தப் படமாக இருந்தாலும் முதல் காட்சிக்குப் போய் அப்படித்தான் நிற்போம். எங்களுக்குள் அதற்குப் பெயர் மூஞ்சி பார்க்கப் போவது. அந்தப் படத்தை இன்னொரு தியேட்டருக்குக் கேட்கலாமா, பேசாமல் வீட்டுக்குப் போகலாமா என்று அந்த முகங்களை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

மற்றபடி எங்கள் கம்பெனியின் இன்னொரு பழக்கம் ராகு காலம். அது முழுக்க முழுக்க என் பார்ட்னருடையது.

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் வெளியாவது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். இவளுடைய வாழ்க்கைப் போராட்டமே இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். முன்பு படம் பெட்டியில் வரும், பெட்டியை நல்ல நேரம் பார்த்துத் திறப்பார்கள். இப்போது பெட்டியும் கிடையாது, ரீலும் கிடையாது. படம் முன்கூட்டியே தியேட்டருக்குப் போய்விடும், ஆனால் பூட்டியிருக்கும். அதைத் திறப்பதற்கு மெயிலில் ஒன்று போகும், அதைச் சாவி என்போம். எந்தத் திரையில், எந்த நேரத்திலிருந்து திறக்கலாம் என்பது சாவியிலேயே இருக்கும். அந்த நேரத்துக்கு முன்னால் தலைகீழாக நின்றாலும் படம் திறக்காது.

படத்தைப் பூட்டி அனுப்புகிற லேபுக்கு மெயில் அனுப்பிச் சாவி கேட்பது இவள் வேலை. தியேட்டரில் ஆபரேட்டர்கள் காலையில் வந்ததும் சரியாக இருக்கிறதா என்று படத்தை ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் ராகு காலத்தில் விழுந்துவிட்டால்? அதனால் எங்கள் காட்சி மத்தியானம் என்றால், சாவி பன்னிரண்டு மணியிலிருந்துதான் திறக்கும் என்று கேட்டு வாங்கிவிடுவாள். யாராலும் முந்த முடியாது. ராகுவைக் கம்ப்யூட்டரில் வைத்துப் பூட்டிய ஒரே ஆள் இந்த ஊரில் இவள்தான் என்று கேலி செய்வேன். நானும் பிஸ்மில்லா சொல்லாமல் ஒரு காரியத்தைத் தொடங்குவதில்லை, அவளை எந்த வாயால் குறை சொல்வது? விட்டுவிட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் அந்த அக்கா எங்கள் படியேறி வந்தார்.

ஈக்காட்டுத்தாங்கலில் லேத்துப் பட்டறைகளுக்குப் பின்னால் அவர் வீடு. வருஷக் கணக்கில் சினிமாவில் கூட்டத்தில் நிற்பது அவர் தொழில். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, சாவு வீட்டில் அழுகிறவர்களில் ஒருத்தி, குழாயடியில் குடத்தோடு ஒருத்தி. அறுபதைத் தாண்டிய பிறகு யாரோ ஒரு புது டைரக்டர் அவரை மெயின் பாத்திரத்தில் போட்டுப் படம் எடுத்துவிட்டான். இட்லி மாவு விற்கிற ஒரு அம்மா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. பாட்டு கிடையாது, அடிதடி கிடையாது. நாங்கள் அந்தப் படத்தை லேப்டாப்பில் பார்த்துவிட்டு இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உடனே எடுத்துக்கொண்டோம். ஆனால் சிட்டியில் ஒரே ஒரு தியேட்டர்தான், அடையாற்றுக்கு அந்தப் பக்கம், வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டே கால் காட்சி கொடுக்கிறேன் என்றது. அந்த விவரத்தைக் கேட்கத்தான் அக்கா வந்திருந்தார்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கண்ணு, படத்த நா டப்பிங்லயே பாத்துட்டேன். டைரக்டரு தம்பி போட்டும் காமிச்சிச்சு. எனக்குப் படம் பாக்க வேணாம். ஜனம் பாக்கறத பாக்கணும்."

"உங்க சொந்தக்காரங்க, தெருக்காரங்க எல்லாரையும் அழைச்சிண்டு வாங்கோக்கா" என்றாள் பார்ட்னர்.

"அவங்க வேணாம்" என்று அக்கா பட்டென்று சொன்னார். "எங்க தெருவுல எவளக் கேட்டாலும் சூப்பரா கீதுன்னுதான் சொல்லுவா. மூஞ்சிக்கு நேரா வேற இன்னா சொல்லுவா? என்னைத் தெரியாத ஒரு ஆளு, காசு குட்த்து உள்ள வந்து குந்தி, எம்மூஞ்சியப் பாக்கணும். பாக்கறானா, போன நோண்டிக்கினு கீறானான்னு நா பாக்கணும். ஒரே தபா போதும். இன்னொரு படம் எனக்கு எவன் குடுக்கப் போறான்?"

யாரிடமும் சொல்லாமல் நாங்கள் இத்தனை நாளாகச் செய்துவந்த வேலையை, இந்த அம்மா படியேறி வந்து எனக்கும் வேண்டும் என்று கேட்கிறார். நாங்கள் மூஞ்சி பார்க்கிற கதையை அவரிடம் சொன்னோம். கண் பெரிதாகிவிட்டது அவருக்கு. "அப்ப என்னையும் உங்ககூட நிக்க வெச்சிடுங்கோ" என்றார். பார்ட்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டாயம் நிற்கலாம் என்று வாக்குக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தியேட்டரிலிருந்து வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்தது. பெரிய ஹீரோ படம் ஒன்று அதே நாளில் வருகிறது, மத்தியான நேரம் அதற்கு வேண்டும், உங்கள் காட்சி பதினொன்றே காலுக்கு மாறுகிறது என்று. காட்சி இருக்கிறதே, அதுவே போதும் என்று நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பதில் போட்டேன். பார்ட்னர் அப்போது அவள் அண்ணன் மகள் பாட்டுக் கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தனி ஆவர்த்தனத்தின்போது போனைத் திறந்து பார்த்திருக்கிறாள். பார்த்ததும் அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான், ஐயையோ ராகு காலம். உட்கார்ந்த இடத்திலிருந்தே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டாளாம். ராகு ஞாபகம் வந்தது, பிள்ளையார் ஞாபகம் வந்தார், தேங்காய் ஞாபகம் வந்தது. சாவி மட்டும் ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மாம்பழக் கலரில் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி. முகத்தில் மாஸ்க். "எவனாவது கண்டுபுடிச்சிட்டான்னா பேஜாராயிடும்" என்றார். போஸ்டரில் அவர் முகம்தான் பெரிதாக இருந்தது, நியாயமான பயம். நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டமும் வந்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கும்பல், வாக்கிங் முடித்துவிட்டு வந்த மாதிரி சில பெரியவர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். மாஷா அல்லா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்று பேரும் அந்த இருட்டு மூலைக்குப் போய் நின்றோம்.

விளம்பரம் ஓடியது. புகைபிடிக்காதே என்றார்கள். மறுபடி விளம்பரம் ஓடியது. நகைக்கடை விளம்பரம் மூன்றாவது தடவை வந்தபோது போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். மேலேயிருந்து ஆபரேட்டர் போன் பண்ணினார்.

"மேடம், உங்க சாவி தொறக்கல. பன்னெண்டு மணிலேர்ந்துதான்னு காட்டுது."

நான் பார்ட்னரைப் பார்த்தேன். அவள் முகத்தில் எந்த வெளிச்சமும் இல்லை. வெளியே ஓடினோம். லேபுக்குப் போன் போட்டாள், வேறு சாவி போட ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். மேனேஜர் கையைப் பிசைந்தார். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினால் அடுத்த படம் தள்ளிப்போகும், அது நடக்காது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பக்கத்துத் திரையில் ஹீரோ படத்துக்குக் கடைசி நேரத்தில் சேர்த்த காட்சி, முன் வரிசைகள் காலி, இவர்களை அங்கே மாற்றிவிடலாம்.

உள்ளே போய் அதை அறிவித்ததும் கல்லூரிப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். எல்லாரும் சந்தோஷமாக எழுந்து வந்தார்கள். அக்கா வராந்தாச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டித்தான் அத்தனை பேரும் எதிர்க் கதவுக்குள் போனார்கள்.

"இன்னா மா, எல்லாரும் அந்தாண்ட போறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

விஷயத்தைப் பார்ட்னர்தான் சொன்னாள், அழுதுகொண்டே. அக்கா மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. "சரி வுடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆட்டோ வேண்டாம் என்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். பட்டுப்புடவையோடு அவர் ரோட்டைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் நான் போட்ட சத்தம் செக்யூரிட்டிக்காரருக்கே பொறுக்கவில்லை. "உன் ராகு காலத்தைக் கொண்டுபோய்க் கொளத்துல போடுடி! அந்தம்மா ஒரே ஒரு விஷயம் கேட்டாங்க. அதைக்கூட உன்னால பண்ண முடியல!"

இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்ன சொன்னாள் தெரியுமா? "நான் அப்பவே நெனச்சேன். ராகு காலத்துல ஷோ வச்சா இப்படித்தான் ஆகும்."

யா அல்லா! ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன். சைதாப்பேட்டைப் பாலம் வரைக்கும் அழுகை, அதற்கப்புறம் சிரிப்பு. இந்த மாதிரி ஒருத்தியோடு எப்படித்தான் கம்பெனி நடத்துகிறேனோ!

முதல் காட்சி ஓடாத படத்தை எந்த மேனேஜரும் திரும்பிப் பார்க்க மாட்டார். சனி, ஞாயிறு இரண்டும் ஹீரோவுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போய் மேனேஜர் அறையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றேன். பார்ட்னரும் பின்னாலேயே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாகப் பேசாதவள், அங்கே வந்து எனக்குச் சரியாக ஒத்து ஊதினாள். மேனேஜர் நல்ல மனுஷர், எங்கள் தொல்லை தாங்காமல் செவ்வாய்க்கிழமை காலை ஒரே ஒரு காட்சி தருவதாகச் சொன்னார்.

"ஆனா மேடம், ஆளே வரலைன்னா ஷோவைத் தூக்கிடுவேன். காலி சீட்டுக்கு ஏசி போட முடியாது. அதுக்கப்புறம் படத்தை மறந்துடுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க ஆளுங்களையே கொஞ்சம் பேரைக் கூட்டிட்டு வந்து உக்கார வைங்களேன். எல்லாரும் பண்றதுதானே?" என்றார்.

வெளியே வந்ததும் பார்ட்னர் சொன்னாள், "எங்க பெரியம்மா ஆத்துலேர்ந்து எல்லாரையும் வரச் சொல்றேன்டி. ஒரு வரிசை ரொம்பிடும். என்னாலதானே இவ்வளவும்?"

"அக்கா கேட்டது உன் பெரியம்மாவையா?"

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவா வந்தா படம் முழுக்க நன்னாருக்கு நன்னாருக்குன்னு தலையாட்டிண்டு இருப்பா. வேண்டாம்" என்றாள். அவளும் என்னைப் போலவே அந்த அக்காவை நினைத்துத் தூங்காமல் இருந்திருக்கிறாள் என்று தெரிந்தது. என் கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. அவள் ராகு காலம் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. நல்ல வேளை, செவ்வாய்க்கிழமை அது சாயங்காலப் பக்கம் வருகிறது.

திங்கட்கிழமை முழுக்கத் தெரிந்த சினிமா நிருபர்களுக்கெல்லாம் போன் போட்டோம். முயற்சி பண்றேன் மேடம் என்றார்கள். முயற்சி பண்றேன் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். என் அண்ணன் மட்டும் ஒரு போஸ்டரைக் கேட்டு வாங்கி, ஜரிகை தொங்கவிட்டிருக்கிற இடத்துக்கு நடுவில் ஒட்டி, லேஸ் வாங்க வந்த பெண்களிடமெல்லாம் மாவு விற்கிற அம்மா படம், போய்ப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் பார்க்காதது மாதிரி மாடியேறிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா வருவாரா என்றே சந்தேகமாக இருந்தது. வந்தார். பட்டுப்புடவை இல்லை, பூ இல்லை, மாஸ்க்கும் இல்லை. சாதாரண பூப்போட்ட சேலை. "இன்னிக்காவது தொறக்குமா?" என்று மட்டும் கேட்டார். பார்ட்னர் தன் போனை நீட்டி, ஆபரேட்டர் காலையில் படத்தை ஓட்டிப் பார்த்து அனுப்பியிருந்த வீடியோவைக் காட்டினாள்.

டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் மூன்று பேரும் தூண் மாதிரி நின்றோம். ஏசிக்காக வந்த ஒரு காதல் ஜோடி வாங்கியது. மருந்துக் கம்பெனிப் பையோடு ஒருவர் வந்தார். தையல்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள், என் அண்ணன் கடை லேஸ் பை கையில். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அப்போது ஒரு தடித்த ஆள், கையில் ஹெல்மெட்டோடு, கவுண்டரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஹீரோ படம் ஹவுஸ்ஃபுல். அதற்காகப் பெருங்குடியிலிருந்து வெயிலில் வந்திருக்கிறாராம்.

"வேற இன்னா படம் கீது?"

கவுண்டரிலிருந்த பெண் எங்கள் படத்தின் பெயரைச் சொன்னாள்.

"ஹீரோ யாரு?"

"ஹீரோ இல்ல சார்."

"ஹீரோ இல்லாம இன்னாத்துக்குப் படம் எடுக்கறானுங்க?" என்று கேட்டுவிட்டு, வந்ததற்கு இதாவது என்று ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மேனேஜர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். காட்சி உண்டு.

மூலையில் நின்றோம். படம் திறந்தது. முகங்களில் வெளிச்சம் விழுந்தது. அக்கா முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்ட்னர் அவர் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டாள். படத்தில் அந்த அம்மா மாவு ஊற்றுகிற இடத்தில் தையல்காரப் பெண்கள் சிரித்தார்கள். அக்கா என் கையைக் கிள்ளினார். ஜோடி படத்தைப் பார்க்கவில்லை, அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. மருந்துக் கம்பெனிக்காரர் கொட்டாவி விட்டார், ஆனால் பார்த்தார். ஹெல்மெட்காரர் நட்டநடுவில், நடைபாதையை ஒட்டிய சீட்டில், ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் மேல் போனை வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மட்டும் நீலமாக இருந்தது.

"அந்த ஆளு பாக்கவே மாட்டேன்றான்" என்றார் அக்கா. அப்புறம் அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. அந்த ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இடைவேளையில் ஜோடி எழுந்து போய்விட்டது. ஹெல்மெட்காரரும் ஹெல்மெட்டோடு வெளியே போனார். போயே விட்டார் என்று நினைத்தேன். அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் படத்தின் மேலேயே கோபமாக வந்தது, ஒரு சண்டைக் காட்சி வைத்திருந்தால் என்ன குடியா முழுகிப்போயிருக்கும்? விளக்கு அணைகிற நேரத்தில் அந்த மனுஷர் கையில் முட்டை பப்ஸோடு திரும்பி வந்து அதே சீட்டில் உட்கார்ந்தார். ஓடிப் போய்க் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு படத்தில் ஒரு இடம் உண்டு. அந்த அம்மா ஓட்டக் கற்றுக்கொண்ட ஸ்கூட்டரை மகன் அவளிடம் சொல்லாமலே விற்றுவிடுகிறான். மாவு டப்பாக்களோடு படியிறங்கி வருகிறவள், வண்டி நின்ற இடம் காலியாக இருப்பதைப் பார்க்கிறாள். வசனம் கிடையாது. டப்பாவைக் கீழே வைக்கக்கூட மாட்டாள். திரை முழுக்க அவள் முகம் மட்டும், ரொம்ப நேரம்.

ஹெல்மெட்காரர் பப்ஸை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். போன் மடியில் அணைந்து கிடந்தது. அவர் முகத்தில் வெளிச்சம் நேராக அடித்தது.

"பாக்கறான்" என்றார் அக்கா. எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மூலையை விட்டு நடக்க ஆரம்பித்தார். நான் அவர் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தேன், கைக்கு அகப்படவில்லை. நடைபாதையில் படி ஏறி ஏறி, அந்த மனுஷருக்கு எதிரே, இரண்டு படி கீழே போய் நின்றுவிட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, அசையாமல்.

"யம்மா! குந்து மா! மறைக்குது!"

அக்கா நகரவில்லை. பார்ட்னர் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"காது கேக்கல? எத்தினி வாட்டி சொல்றது? அந்தம்மா மூஞ்சி தெர்ல, நவுரு!"

அக்கா சட்டென்று அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாரி நைனா" என்றார். "நீ பாரு."